மிஸிஸ் பெரில் கண்ட கடற்கரை

பிளாக்ஹவுஸ் பே, ஒக்லாந்து
6 மே 1985

அன்புள்ள மச்சாள்,

சாவகச்சேரிக்குப் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் வரவில்லை. நீங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறீர்கள் என்று பத்மாவதி ரீச்சர் எழுதித்தான் தெரியும். முகவரியும் அவர் தந்ததுதான். அண்ணாவைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை என்றும் எழுதியிருந்தார்.

என்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில்தான் ஆமிக்காரர் அண்ணாவை லொறியிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அதை நீங்கள் சொல்லிக் காட்டவில்லை. சொல்லாமல் இருப்பதும் எனக்குக் கேட்கிறது.

என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாளாக இந்தத் தாளை வைத்துக்கொண்டிருக்கிறேன். என் வேலையைப் பற்றி எழுதுகிறேன். அது அவ்வளவு விசித்திரமானது, படிக்கிற நேரமாவது உங்கள் மனம் வேறு பக்கம் போகும்.

என் கணிதப் பட்டம் இங்கே செல்லாது. ரைப் அடிக்கத் தெரிந்ததால் நவரத்தினம் சித்தப்பா ஒரு இடத்தில் சேர்த்துவிட்டார். பாபகூரா என்ற ஊர், ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. ஸ்டேசனுக்குப் பக்கத்தில் கம்பளி நூல் கடைக்கு மேலே மூன்று அறை. ஆராய்ச்சி செய்கிறவர் டொக்டர் ஹார்ட்லி, மனோதத்துவம் படித்தவர். பணம் பாதுகாப்புத் துறையில் ஏதோ ஒரு பிரிவிலிருந்து வருகிறது. மாதம் ஒருமுறை ஒரு மேஜர் வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார்.

அவர்கள் பார்ப்பது இதுதான். ஒன்பது மூடிய உறை. ஒவ்வொன்றிலும் ஒரு இடத்தின் பெயர். ஒரு சார்ஜன்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு காரில் போய், அந்த இடத்தில் கால் மணித்தியாலம் நிற்பார். அதே நேரம் இங்கே மூடிய அறைக்குள் மிஸிஸ் பெரில் கண்ணை மூடிக்கொண்டு, சார்ஜன்ட் நிற்கும் இடத்தைச் சொல்லுவார். டொக்டருக்கும் அது எந்த இடம் என்று தெரியாது. நான் ரெக்கோடரில் ரேப்பைப் போட்டுப் பேச்சைப் பதிந்து, பிறகு ஒரு சொல் விடாமல் ரைப் அடிப்பேன். இருமல், தும்மல், "ஆ..." எல்லாம் வரவேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. முடிந்ததும் பெரிலை அந்த இடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

பெரில் மந்திரவாதி இல்லை. ஸ்டேசனடியில் டெய்ரி வைத்திருக்கிறார். இங்கே டெய்ரி என்றால் பாலும் பாணும் பேப்பரும் விற்கும் மூலைக்கடை. அறுபது வயது, முழங்கால் வாதம், வாய் ஓயாது.

ஒன்பது ரைப் தாளையும் நகரத்திலிருக்கும் ஒரு விரிவுரையாளரிடம் கொடுத்து, எது எந்த இடம் என்று பொருத்தச் சொன்னார்கள். குருட்டுவாக்கில் பொருத்தினால் ஒன்றுதான் சரி வரும். அவருக்கு ஏழு சரி வந்தது. நான் மூன்று தரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மச்சாள். தற்செயலாக அப்படி வர ஆயிரத்தில் ஒரு பங்குகூட இடமில்லை.

இது உண்மையானால் ஒரு கிழவியை நாற்காலியில் இருத்தி அடுத்த நாட்டுத் துறைமுகத்தில் எத்தனை கப்பல் நிற்கிறது என்று எண்ணலாம். மேஜர் வருவது அதற்காகத்தான்.

இந்த நாட்டில் ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் இந்த நாட்டில் இல்லைத்தானே.

பதில் எழுதுங்கோ. ஏச்சென்றாலும் பரவாயில்லை.

புஷ்பவதி


வெள்ளவத்தை
22.5.85

புஷ்பம்,

உம்மட காயிதம் கிடைச்சுது. ஓரம் கிழிஞ்சு திருப்பி ஒட்டிக் கிடந்தது. வாசிச்சவனுக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஏச்செண்டாலும் பரவாயில்லை எண்டு எழுதியிருக்கிறீர். ஓம், கோபம்தான். உம்மைப் பஸ்ஸில அனுப்புங்கோ எண்டு நான் சொன்னன். "என்ர தங்கச்சி டிகிரிக்காறி, பெட்டியோட பஸ்ஸில இடிபட்டுப் போறதோ" எண்டு லொறியைக் கழுவித் துடைச்சுக் கொண்டுவந்தவர் உம்மட கொண்ணர். லொறி சாவியோட றோட்டில நிண்டதாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதை எழுதாமல் வேற ஒண்டும் எழுத வராது, அதுதான் இவ்வளவு நாளும் எழுதேல்லை. இப்ப எழுதிப்போட்டன், விடும்.

நான் சும்மா இருக்கேல்லை. மூண்டு முகாமுக்குப் போயிட்டன். எல்லா இடத்திலையும் "அப்பிடி ஒரு ஆள் இல்லை." குலசிங்கம் எண்டு ஒரு அப்புக்காத்து எங்கட ஆக்களுக்குக் காசு வாங்காமல் கோட்டுக்கு மனு எழுதிக் குடுக்கிறார். அவர் கேக்கிறது ஒண்டுதான்: "எங்க வைச்சிருக்கினம் எண்டு ஒரு இடத்தைச் சொல்லு பிள்ளை, மிச்சத்தை நான் பாக்கிறன்." அந்த ஒண்டுதான் என்னட்டை இல்லை.

தெற்கில கடற்கரையோரம் ஒரு பெரிய முகாம் இருக்கு. அங்கயிருந்து வெளியில வந்த ஒராள், உள்ள லொறிக்காறர் ரெண்டு பேர் இருக்கினம் எண்டு சொன்னாராம். பேர் தெரியாதாம். லொறிக்காறர் இந்த நாட்டில குறைவே?

உம்மட பெரில் கிழவியின்ர கதையை அன்னபாக்கியம் அக்காவுக்கு, அதுதான் எங்கட வீட்டுக்காறி, வாசிச்சுக் காட்டினன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. "இதைத்தானே எங்கட ஏரம்பமூர்த்தி வெத்திலையில மை தடவிப் பாக்கிறவன், அவனுக்கு ஆமி சம்பளம் குடுக்கேல்லையே!" எண்டா. நானும் சிரிச்சன். பெப்ரவரிக்குப் பிறகு இப்பதான் சிரிச்சனான்.

பிறகு யோசிச்சன். ஒன்பதில ஏழு எண்டு எழுதியிருக்கிறீர். நீர் படிச்ச பிள்ளை, சும்மா எழுதமாட்டீர்.

கிழவியைக் கேளும். உம்மட கொண்ணர் எங்க எண்டு கேளும். வெக்கப்படாதையும். கடையில போய் உப்பு வேணுமெண்டு கேக்கவே கூச்சப்படுறனீர் எண்டு எனக்குத் தெரியும். இதை மட்டும் கேளும்.

ரதிதேவி


பிளாக்ஹவுஸ் பே
9 ஜூன் 1985

அன்புள்ள மச்சாள்,

கேட்டுவிட்டேன்.

பத்து நாள் டெய்ரிக்குள் போய்ப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். சித்தி, "ஏன் பிள்ளை, அங்கே மாடு கட்டியிருக்கோ?" என்று கேட்கும் அளவுக்கு. கடைசியில் பெரிலே கேட்டார்: "உனக்குப் பால் வேண்டியதில்லை. என்ன வேணும்?"

ஒரு ஆளைத் தேட வேண்டும் என்றேன். யார், என்ன என்று ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சோதனை கெட்டுவிடும். நாடு சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை, படம் காட்டவில்லை. அதில் கவனமாக இருந்தேன். நேற்று அவர் கடையைப் பூட்டியபின் பின்னறையில் இருந்தோம். வேலையிடத்து ரேப் ரெக்கோடரை டொக்டரிடம் சொல்லாமல் கொண்டுபோனேன். ஒரு சொல்லையும் தவறவிடக்கூடாது என்பதற்காக. வாழ்க்கையில் நான் கேட்காமல் எடுத்த முதல் பொருள் அது.

அவர் சொன்னதை ரேப்பைக் கேட்டு அப்படியே தருகிறேன். எங்கள் பேச்சில்தான் எழுத வருகிறது.

"வெயில். நல்ல சூடு. தண்ணி இருக்கு. ஆறு... இல்லை, ஆறு இல்லை. பெரிய தண்ணி. கடல். சூரியன் இறங்குது. இல்லை, பொறு, ஏறுது. தண்ணிக்குள்ளேயிருந்து ஏறுது. கட்டிடம் தெரியுது. ஆஸ்பத்திரி மாதிரி? பள்ளிக்கூடம்? இல்லை, கோயில் மாதிரி. உயரத்தில. பாறைக்கு மேல. கீழே அலை அடிக்குது. மிருகம் ஒன்று. நாய் இல்லை. ஆடு... ஆட்டைவிடக் கால் மெல்லிசு. மான். மான்தான். அவன் அங்கே நிற்கிறான். நோயாளி மாதிரி இல்லை. சிரிக்கிறான். ஓம், சிரிக்கிறான்."

மச்சாள், நான் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் சூரியன் கடலிலிருந்து ஏறுவதும், அலைக்கு மேலே பாறை, அதில் கோயில், மானும், இலங்கையில் எத்தனை இடத்தில் இருக்கிறது? பாபகூராவை விட்டு வெளியே போகாத ஒரு கிழவிக்குத் திருக்கோணமலை எப்படித் தெரியும்?

பெரில் தேத்தண்ணி போட்டுத் தந்தார், அதை மேசையில் ஊற்றிவிட்டேன்.

இதை நம்புங்கோ என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எழுதாமல் இருக்கவும் துணிவில்லை.

புஷ்பவதி


வெள்ளவத்தை
24.6.85

என்ர தங்கப் பிள்ளை,

உம்மட காயிதத்தை எத்தினை தரம் வாசிச்சன் எண்டு தெரியாது. மடிப்பு கிழியப்போகுது. சிரிக்கிறார் எண்டு எழுதியிருக்கிறீர். மகள் அதை மட்டும் திருப்பித் திருப்பி வாசிக்கச் சொல்லுறாள். "அப்பா ஏனம்மா சிரிக்கிறார்?" எண்டு கேக்கிறாள். மானைக் கண்டுதான் எண்டு சொன்னன்.

திருக்கோணமலையில முகாம் இருக்குத்தானே. ஏன் எனக்கு இது முதலே மண்டையில ஏறேல்லை?

ஒரு சிக்கல் இருக்கு. தெற்கு முகாமில கொண்ணரின்ர பேரைக் குடுத்து வைச்சிருக்கிறன். அங்க மாதத்தில முதல் வெள்ளிதான் வாசலில ஆக்களைக் கூப்பிடுறது. என்ர நம்பர் வாறது யூலை அஞ்சாம் திகதி. உடுப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகவேணும். ஆள் உள்ளுக்கு இருந்தால் பொட்டலத்தை எடுப்பினம். இல்லாட்டி திருப்பி எறிவினம். அதுதான் அவையள் தாற பதில், வாயால ஒண்டும் சொல்லாயினம். நம்பரைத் தவற விட்டால் கடைசிக்குத் தள்ளிப்போடுவினம், பிறகு எப்ப கூப்பிடுவினமோ.

அன்னபாக்கியம் அக்கா முதல்ல தெற்குக்குப் போ எண்டுறா. ஆனால் புஷ்பம், சண்டையை நிப்பாட்டியிருக்கினம் எண்டு ரேடியோ சொல்லுது. திருக்கோணமலைக்கு பஸ் ஓடுது. இது எத்தினை நாளைக்கோ? அதே அஞ்சாம் திகதிதான் அக்காவின்ர தமையன் லீவு முடிஞ்சு அங்க போறார். அவரோட போனால்தான் எனக்குத் துணை. தனியப் போக ஏலாது.

நான் முடிவெடுத்திட்டன். தெற்கில இருக்கிறது ஒரு நம்பர். உம்மட கிழவி கண்டது ஆளை. மகளை அக்காவோட விட்டிட்டுப் போறன். இடம் பிடிபட்டால் குலசிங்கம் அப்புக்காத்து உடன மனு போடுவார்.

கொண்ணர் உம்மைப் படிப்பிச்சது வீண் போகேல்லை.

ரதிதேவி


பிளாக்ஹவுஸ் பே
3 யூலை 1985

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அரை மணித்தியாலத்துக்குள் சித்தப்பாவை இழுத்துக்கொண்டு தபால் கந்தோருக்கு ஓடினேன். தந்தி உங்களுக்குக் கிடைத்ததா, எப்போது கிடைத்தது என்று தெரியாமல் இதை எழுதுகிறேன். நீங்கள் இதை வாசிக்கும்போது ஐந்தாம் திகதி போய்விட்டிருக்கும். ஆனாலும் தந்தியில் சொல்லமுடியாததைச் சொல்லவேண்டும்.

போன கிழமை வேலையில் பழைய தாள்களைத் திகதிப்படி அடுக்கிக்கொண்டிருந்தேன். நாலாவது தாளில் டொக்டர் சொல்கிறார்: "அவசரமில்லை, நேற்றுத் தண்ணீரில் நன்றாகச் செய்தீர்கள்." மூன்றாவது நாள் இடம் நீச்சல் குளம். ஏழாவது தாளில் பெரில் சொல்கிறார்: "அந்தப் பாலத்தில் நின்றதுபோல இன்று காற்றில்லை." ஆறாவது நாள் பாலம். பொருத்திய விரிவுரையாளரிடம் இடங்களின் பட்டியல் திகதி வரிசையில்தான் இருந்தது; நேற்றைய இடம் தெரிந்தால் இன்றைய தாள் பட்டியலில் எத்தனையாவது என்று தெரிந்துவிடும். நான் கட்டிடம், மரம், நிறம் எதையும் வாசிக்காமல் இந்தமாதிரி வசனங்களை மட்டும் வைத்துப் பொருத்தினேன். அந்த இடங்களில் ஒன்றையும் நான் கண்டதில்லை. ஆறு சரி வந்தது.

பெரில் ஏமாற்றவில்லை. டொக்டரும் ஏமாற்றவில்லை. தாளிலேயே விடை இருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை.

பிறகுதான் எங்கள் ரேப்பைத் திரும்பப் போட்டேன்.

மச்சாள், நீங்கள் என்னோடு பேசும்போது நான் எப்படிக் கேட்பேன் என்று உங்களுக்குத் தெரியும். வயதுக்கு மூத்தவர் பேசினால் "ம்... ம்..." என்று கொட்டிக்கொண்டிருப்பேன். மறுத்துப் பேசமாட்டேன். மறுக்க இருந்தால் பேசாமல் இருப்பேன். அன்றும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். எனக்கே தெரியாமல். "ஆறு" என்கிறார், நான் மௌனம். "ஆறு இல்லை" என்கிறார். "கடல்" என்கிறார், "ம்". "சூரியன் இறங்குது", மௌனம். "ஏறுது", "ம்". "ஆஸ்பத்திரி", மௌனம். "பள்ளிக்கூடம்", மௌனம். "கோயில்", "ம்". "ஆடு", மௌனம். "மான்" என்றபோது நான் மூச்சை இழுத்தது ரேப்பில் நன்றாகக் கேட்கிறது. முப்பத்தொரு "ம்" எண்ணினேன். வேலையில் ஒரு இருமலையும் விடாமல் ரைப் அடிக்கிறவள், உங்களுக்கு எழுதிய கடிதத்தில் என்னுடைய குரலை மட்டும் விட்டுவிட்டேன். அது ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்தேன்.

அந்தக் கடற்கரை எது தெரியுமா? எனக்குப் பதினைந்து வயதில், பரீட்சை முடிந்த கையோடு, அண்ணா வெங்காயம் ஏற்றிய லொறியில் என்னைத் திருக்கோணமலைக்குக் கூட்டிப்போனார். விடியக் காலையில் பாறைக்குமேல் நின்றோம். ஒரு மான் வந்து அவருடைய சேர்ட் பொக்கற்றில் இருந்த வாழைப்பழத்தை இழுத்தது. அவர் அசையாமல் நின்று சிரித்துக்கொண்டே இருந்தார். அண்ணாவை நினைத்தால் எனக்கு அந்தச் சிரிப்புத்தான் வரும். நான் உங்களை அனுப்பப் பார்த்தது அவர் இருக்கும் இடத்துக்கு இல்லை, மச்சாள். எட்டு வருசத்துக்கு முந்திய ஒரு விடியலுக்கு.

பெரிலிடம் போய்ச் சொன்னேன். பாண் அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"நான் பொய் சொன்னேனா?"

"இல்லை."

"எனக்குப் படம் வருது பிள்ளை. சத்தியமாய் வருது. அது ஆருடைய படம் என்றுதான் எனக்குத் தெரியாது."

அதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை என் கணக்கை ஒரு தாளில் ரைப் அடித்து டொக்டரின் மேசையில் வைத்தேன். ரெக்கோடரை எடுத்ததையும் அதில் எழுதினேன். மேஜரும் வந்திருந்தார். டொக்டர் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "இதைச் செய்யச் சொல்லி உன்னை யாராவது கேட்டார்களா?" "இல்லை, சேர்." "பிறகு ஏன்?" சொன்னேன்: "ஒரு பெண் இதை நம்பிப் பஸ் ஏறப் போகிறார்." அப்போதுதான் மேஜர் வாய் திறந்தார், இத்தனை மாதத்தில் முதல் தடவை. "எங்கள் ஆட்களும் ஒருநாள் இதை நம்பிக் கப்பல் ஏறியிருப்பார்கள்" என்றார். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்குமா தெரியாது.

தெற்குக்குப் போயிருந்தீர்களா? அதை மட்டும் எழுதுங்கோ.

புஷ்பவதி


வெள்ளவத்தை
8.7.85

புஷ்பம்,

உன்ர தந்தி வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. அன்னபாக்கியம் அக்காதான் இங்கிலிசை வாசிச்சுச் சொன்னா. "திருக்கோணமலை வேண்டாம். கிழவி கண்டது என் ஞாபகம். தெற்குக்குப் போ." நான் ரெண்டு சீலையும் மடிச்சு பாக்கில வைச்சு, பஸ்ஸுக்கு ஆயத்தமாய் இருந்தனான். எனக்குத் தெரிஞ்ச தூசணம் முழுக்க உனக்கு ஏசினன். அக்கா எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினா. தந்தியைக் கிழிச்சன், பிறகு ஒட்டினன். கோபத்தில நீ எண்டு எழுதிப்போட்டன், அப்பிடியே கிடக்கட்டும்.

நீ கடைசியாய் எழுதின காயிதம் இன்னும் வரேல்லை. அதில என்ன எழுதியிருப்பியோ. எழுதியிருப்பாய் எண்டு தெரியும்.

ஆருடைய ஞாபகமெண்டாலும் எனக்கு அது வேணும் போல இருந்தது. சிரிக்கிற மனிசனை விட்டிட்டு ஒரு நம்பருக்குப் பின்னால போறதெண்டால் ஆருக்கு மனம் வரும்? ஆனால் நீ வாய் திறந்து ஒருத்தருக்கும் "வேண்டாம்" எண்டு சொல்லி நான் கேட்டதில்லை. கலியாணம் பேசி வந்தவையளுக்குக் கூட நீ சொல்லேல்லை, நாங்கள்தான் சொன்னனாங்கள். அப்பிடிப்பட்டவள் காசு குடுத்துக் கடல் தாண்டி வேண்டாம் எண்டு சொல்லுறாள்.

அதால தெற்குக்குப் போனன்.

வாசலில நூறு பொம்பிளையள் இருப்பம். நம்பரைக் கூப்பிட்டான். பொட்டலத்தை நீட்டினன். ஒரு சாரம், ரெண்டு பெனியன், சவுக்காரக் கட்டி ஒண்டு. வாங்கிக்கொண்டு உள்ளுக்குப் போனான். எனக்கு முன்னால குடுத்த அஞ்சு பேருக்கும் திருப்பிக் கொண்டந்து மணலில போட்டவன். ஒருத்தி அதை எடுக்காமல் அதிலயே இருந்திட்டாள். ஒரு மணித்தியாலம் ஆச்சு. ரெண்டு ஆச்சு. பொட்டலம் வரேல்லை.

நாலு மணி போல அந்தப் பெடியன் வந்தான். கையில பேப்பரில சுத்தின ஒண்டு. "தோய்க்க" எண்டு தமிழில சொன்னான். அந்த ஒரு சொல்லுத்தான் அவனுக்குத் தெரியும் போல.

பிரிச்சுப் பாத்தன். கொண்ணர் உன்னைக் கொண்டுபோய் விடேக்க உடுத்திருந்த நீலக் கோடு போட்ட சாரம். கரையில கிழிஞ்ச இடத்தை வேற நூல் இல்லாமல் பச்சை நூலால தைச்சனான், பகிடி பண்ணிக்கொண்டு கட்டிக்கொண்டு போனவர். என்ர தையல் எனக்குத் தெரியாதே?

சுகமோ எண்டு தெரியாது. அடிச்சவங்களோ எண்டு தெரியாது. சிரிக்கிறாரோ எண்டு தெரியாது. உள்ளுக்கு இருக்கிறார், உடுப்பு மாத்துறார். அவ்வளவுதான் தெரியும். குலசிங்கம் அப்புக்காத்து இண்டைக்கே மனுவை எழுதத் தொடங்கிட்டார். இடம் எண்டு கீறு போட்டு விட்டிருந்த இடத்தில அவர் முகாமின்ர பேரை எழுதினதை நான் நிண்டு பாத்தன்.

சாரத்தைக் கட்டில் சட்டத்தில போட்டிருக்கு. மகள் போகேக்கையும் வரேக்கையும் மணந்து பாக்கிறாள். டீசல் மணம் ஒண்டும் இல்லை. அஞ்சு மாதம் லொறியில ஏறாத மனிசனின்ர வேர்வை மணம்தான்.

ஆகஸ்டு முதல் வெள்ளிக்குத் திருப்பிக் குடுக்கவேணும். நாளைக்குத் தோய்ச்சுப் போடுவன். இண்டைக்கு அப்பிடியே கிடக்கட்டும்.

ரதிதேவி